‘கிளம்பி வந்துடும்மா’ என்று சொல்லும் முன்…

வெளிநாட்டில் கட்டிக்கொடுத்த பெண் அகாலத்தில் போன் செய்து அழுதால், நம் வீடுகளில் வழக்கமாக இரண்டு பதில்கள்தான் வரும். “கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோம்மா, போகப் போகச் சரியாயிடும்” என்பது முதல் பதில். கன்னத்தில் விரல் தடம் பதிந்த போட்டோ வாட்ஸ்அப்பில் வந்து சேர்ந்த பிறகு, “பெட்டியைக் கட்டு, கிளம்பி வந்துடு” என்பது இரண்டாவது. முதல் பதில் தப்பு என்று இப்போது பலருக்கும் தெரிந்திருக்கிறது. பாசத்தில் சொல்லும் இரண்டாவது பதிலும் சில சமயம் மகளின் கையைக் கட்டிப்போட்டுவிடும். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நான் ஆவடி பக்கம் சேக்காட்டில் குடியிருக்கும் வழக்கறிஞர். பூந்தமல்லி, திருவள்ளூர் கோர்ட்டுகளில் ஜீவனாம்சம், குடும்ப வன்முறை, குழந்தை யாரிடம் இருப்பது போன்ற வழக்குகள்தான் என் பிழைப்பு. அமெரிக்கக் குடியேற்றச் சட்டத்தில் வாதாட எனக்கு உரிமம் கிடையாது. அதற்கு அங்கே ஒரு வக்கீல் வேண்டும். ஆனால் எங்கள் பக்கத்துக் கதை உங்களுக்குத் தெரியும். டேங்க் ஃபேக்டரியிலும் ராணுவச் சீருடை தைக்கும் ஓ.சி.எஃப்.பிலும் ஷிப்ட் பார்த்த தலைமுறை பிள்ளைகளை இன்ஜினீயரிங் படிக்கவைத்தது. அந்தப் பிள்ளைகள் டெக்சஸுக்கும் நியூஜெர்சிக்கும் போனார்கள். பி.எஃப். பணத்தை எடுத்து அந்த மாப்பிள்ளைகளுக்குப் பெண்ணைக் கொடுத்தார்கள். அங்கே குடும்பம் உடைந்தால் அப்பா அம்மா இந்து காலேஜ் ஸ்டேஷனில் இறங்கி, மஞ்சள் பையில் காகிதங்களோடு என் வீட்டு முன்னறைக்கு வருகிறார்கள்.

மிரட்டல் ஏன் பலிக்கிறது?

கம்ப்யூட்டர் வேலைக்கு எச்-1பி விசாவில் போகிறவரின் மனைவிக்குக் கிடைப்பது எச்-4. அவருடைய விசா இருக்கும் வரை, அவருக்கு மனைவியாக இருக்கும் வரை அது செல்லும். எம்.இ. படித்தவளானாலும் எச்-4-ல் போனவள் இஷ்டத்துக்கு வேலைக்குப் போக முடியாது. கணவரின் கிரீன் கார்டு விண்ணப்பம் ஒரு கட்டத்தைத் தாண்டியிருந்தால் வேலை அனுமதி கேட்கலாம் என்ற வசதியே 2015 மே மாதத்தில்தான் வந்தது. பேங்க் கணக்கு அவர் பெயரில், வீட்டு வாடகை ஒப்பந்தம் அவர் பெயரில், மருத்துவக் காப்பீடு அவர் கம்பெனி கொடுப்பது. “உன் விசாவை கேன்சல் பண்ணிடுவேன்” என்று அவர் சொன்னால் அவள் நம்பத்தான் செய்வாள்.

அந்த மிரட்டலில் கொஞ்சம் நிஜமும் நிறையப் புளுகும் இருக்கிறது. விவாகரத்து ஆனால் எச்-4 தகுதி போய்விடும், அது நிஜம். ஒரு போன் போட்டு மனைவியை நாடு கடத்திவிடலாம் என்பது புளுகு. நாடு கடத்துவது அரசாங்கத்தின் வேலை, அதற்கென்று விசாரணை, நடைமுறை எல்லாம் உண்டு. 911 என்ற அவசர எண்ணை அழைக்கவும் பெண்கள் காப்பகத்தில் தங்கவும் எந்த விசாவும் தேவையில்லை.

மாப்பிள்ளை கையில் என்ன அட்டை?

அமெரிக்காவில் ஒரு பெண்ணுக்கு எந்த வழி திறக்கும் என்பது பெரும்பாலும் கணவரின் தகுதியைப் பொறுத்தது. அதனால் வீட்டுக்கு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான்: மாப்பிள்ளை குடிமகனா, கிரீன் கார்டா, எச்-1பியா?

குடிமகன் அல்லது கிரீன் கார்டுக்காரர் என்றால், 1994-ல் வந்த பெண்கள் மீதான வன்முறைக்கு எதிரான சட்டம் கைகொடுக்கும். வக்கீல்கள் சுருக்கமாக ‘வாவா’ என்பார்கள். அதற்கு முன்பெல்லாம் மனைவிக்குக் கிரீன் கார்டு வேண்டுமானால் கணவர்தான் மனு போட வேண்டும். அடிக்கிறவர் மனம் வைத்தால்தான் உண்டு. இந்தச் சட்டப்படி, ஐ-360 என்ற படிவத்தில் மனைவி தனக்காகத் தானே மனு போடலாம். கணவரின் கையெழுத்து வேண்டாம், கட்டணமும் கிடையாது. அந்த மனுவைப் பற்றிக் குடியேற்றத் துறை கணவரிடம் மூச்சுவிடக் கூடாது. அவர் எழுதிப்போடும் மொட்டைக் கடிதத்தை மட்டும் நம்பி மனுவைத் தள்ளவும் கூடாது. அடி உதைதான் கொடுமை என்றில்லை. பாஸ்போர்ட்டை ஒளித்துவைப்பது, போன் பேசவிடாமல் பூட்டிவைப்பது, நாடு கடத்திவிடுவேன் என்று ஓயாமல் மிரட்டுவது எல்லாம் சூழ்நிலையைப் பொறுத்துக் கணக்கில் வரும். போலீஸ் புகார் இருந்தால் நல்லது. இல்லாவிட்டாலும் நம்பத்தக்க எந்தச் சான்றையும் பரிசீலித்தே ஆக வேண்டும். கொடுமையின் காரணமாக விவாகரத்து ஆகியிருந்தால், இரண்டு ஆண்டுகளுக்குள் மனு போட்டாக வேண்டும். சட்டத்தின் பெயரில்தான் பெண்கள். கொடுமைக்கு ஆளான கணவனும் போடலாம்.

கல்யாணமாகி இரண்டு வருடம் நிறைவதற்குள் கிரீன் கார்டு வந்திருந்தால், அது இரண்டு வருடத்துக்கு மட்டுமான நிபந்தனை அட்டை. அந்த நிபந்தனையை நீக்கக் கணவனும் மனைவியும் சேர்ந்து ஐ-751 படிவம் போட வேண்டும். “நான் கையெழுத்துப் போடலேன்னா நீ அவ்வளவுதான்” என்று அதை வைத்தே ஆட்டிப்படைப்பார்கள். கொடுமைக்கு ஆளானவள் அந்தப் படிவத்தைத் தனியாகவே போட விதிவிலக்கு இருக்கிறது.

என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் எச்-4 பெண்களின் பெற்றோர். இவர்களுக்கு வாவா மனு கிடையாது, கணவரே தற்காலிக விசாவில்தானே இருக்கிறார். அந்தச் சட்டத்தின் 2005-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் இவர்களுக்கு ஒரு சின்ன வழி வைத்தார்கள். கொடுமைக்கு ஆளான எச்-4 மனைவி ஐ-765வி படிவத்தில் தனக்கென்று வேலை அனுமதி கேட்கலாம். சட்டம் அப்போதே வந்தும், அந்தப் படிவத்தை வாங்க ஆரம்பித்தது 2017 பிப்ரவரியில்தான். கிடைத்தால் இரண்டு ஆண்டுகள் வேலை பார்க்கலாம். ஆனால் வேலை அனுமதி வேறு, தங்கும் தகுதி வேறு. விவாகரத்து முடிவதற்குள் மாணவர் விசாவோ சொந்த எச்-1பியோ தேடிக்கொள்ள வேண்டும்.

இன்னொரு வழி யு விசா. குற்றத்துக்கு ஆளாகி, விசாரணைக்கு ஒத்துழைப்பவர்களுக்காக 2000-ல் வந்தது. குடும்ப வன்முறையும் அந்தக் குற்றப் பட்டியலில் உண்டு. கணவர் எந்த விசாவில் இருக்கிறார் என்பது இதற்குப் பொருட்டே இல்லை. ஆனால் போலீஸ், அரசு வழக்கறிஞர், நீதிபதி போன்ற ஒருவர் சான்றளித்துக் கையெழுத்திட வேண்டும். வருடத்துக்கு 10,000 விசாதான். வரிசையோ பல வருட நீளம். அன்றைக்கு அவள் 911-ஐ அழைத்தாளா, போலீஸ் எழுதிய அறிக்கையின் எண் என்ன என்று அமெரிக்க வக்கீல் துருவித் துருவிக் கேட்பது இதனால்தான்.

மற்ற நாடுகளில்

பிரிட்டனில் குடிமகனையோ நிரந்தரமாகத் தங்கும் உரிமை உள்ளவரையோ கட்டிக்கொண்டு போன பெண், கொடுமையால் குடும்பம் உடைந்தால், நிரந்தரமாகத் தங்கும் உரிமையைத் தானே கேட்கலாம். கையில் காசில்லாமல் நிற்பவளுக்கு, அந்த மனு போடும் வரை தாக்குப்பிடிக்க மூன்று மாத அனுமதியும் அரசு உதவித்தொகையும் உண்டு. 2024 பிப்ரவரியிலிருந்து, வேலை விசாவிலும் மாணவர் விசாவிலும் இருப்பவர்களின் துணைவர்களுக்கும் அந்த மூன்று மாதம் கிடைக்கிறது. ஆனால் நிரந்தர உரிமை அவர்களுக்கு இதன் வழியாகக் கிடைக்காது. லண்டனில் 1979 முதல் இயங்கும் சவுத்தால் பிளாக் சிஸ்டர்ஸ் அமைப்பு இந்த உரிமைகளுக்காகப் பல வருடம் மல்லுக்கட்டியிருக்கிறது.

கனடாவில் 2012-ல் ஒரு விதி வந்தது: ஸ்பான்சர் செய்த துணைவரோடு இரண்டு வருடம் சேர்ந்து வாழ்ந்தால்தான் நிரந்தர உரிமை நிலைக்கும் என்று. 2017 ஏப்ரலில் அதை எடுத்துவிட்டார்கள். நிரந்தர உரிமை கிடைத்தபின் கணவரை விட்டுப் பிரிந்தால், அந்தக் காரணத்துக்காக அது பறிபோகாது. இன்னும் உரிமை கிடைக்காமல், கணவரை நம்பி இருப்பவளுக்கு 2019 ஜூலை முதல் கட்டணமில்லாத தற்காலிக அனுமதி தருகிறார்கள். வேலை அனுமதியும் கேட்கலாம், மருத்துவ வசதியும் சேர்ந்து வரும். ஆஸ்திரேலியாவின் துணைவர் விசாவிலும் குடும்ப வன்முறைக்கென்று விதிவிலக்கு இருக்கிறது. ஜெர்மனியில் மூன்று வருடம் சேர்ந்து வாழ்ந்திருக்க வேண்டும் என்ற விதியைக் கொடுமைக்கு ஆளானவளுக்குத் தளர்த்துகிறார்கள். ஈழத் தமிழர்கள் அதிகம் வாழும் சுவிட்சர்லாந்தில் 2025 ஜனவரியிலிருந்து இந்தப் பாதுகாப்பு இன்னும் பல வகை அனுமதியில் இருப்பவர்களுக்கும் விரிந்திருக்கிறது.

வீட்டை விடுவதும் நாட்டை விடுவதும்

இவ்வளவு வழிகளும் பெரும்பாலும் அந்த நாட்டு மண்ணில் நிற்பவளுக்குத்தான் கைக்கெட்டும். வேலை அனுமதி கேட்க அவள் அமெரிக்காவில் இருந்தாக வேண்டும். கொடுமை அமெரிக்காவில் நடந்திருந்தால் வாவா மனுவை இங்கிருந்தும் போட இடமுண்டு. ஆனால் போலீஸ் அறிக்கை, ஆஸ்பத்திரிச் சீட்டு, பக்கத்து வீட்டுச் சாட்சி எல்லாம் அங்கே கிடக்க, சேக்காட்டிலிருந்து அவற்றைத் திரட்டுவது லேசான காரியம் இல்லை. எச்-4-ல் வந்தவள் மறுபடி விசா முத்திரை வாங்க வேண்டுமென்றால், கணவரின் காகிதங்களுக்காக அவரிடமே போய் நிற்க வேண்டும்.

குழந்தை இருந்தால் சிக்கல் இரண்டு மடங்கு. தகப்பனின் உரிமையைத் தடுக்கும் நோக்கத்தில் குழந்தையை நாட்டை விட்டுக் கொண்டுபோவது, 1993-லிருந்து அமெரிக்க மத்தியச் சட்டப்படி குற்றம். கொடுமையிலிருந்து தப்பி ஓடினேன் என்று எதிர்வாதம் வைக்கலாம். ஆனால் வழக்கு வந்த பிறகுதானே அந்த வாதம்? குழந்தைக் கடத்தல் தொடர்பான ஹேக் ஒப்பந்தத்தில் இந்தியா கையெழுத்திடவில்லை, அதனால் இங்கே வந்துவிட்டால் பயமில்லை என்று சிலர் தைரியம் சொல்வார்கள். ஆனால் 2009-ல் ஒரு வழக்கில் தாயையும் குழந்தையையும் சி.பி.ஐ. தேடிக் கண்டுபிடித்தது சென்னையில்தான். குழந்தையை அமெரிக்காவுக்குத் திருப்பி அழைத்துப்போகச் சொன்னது உச்ச நீதிமன்றம். 2017-ல் இன்னொரு வழக்கில், வெளிநாட்டுக் கோர்ட் உத்தரவைவிடக் குழந்தையின் நலனே முக்கியம் என்று அதே நீதிமன்றம் சொன்னது. எந்தப் பக்கம் தீர்ப்பாகும் என்று யாரும் அடித்துச் சொல்ல முடியாது.

இதை ‘அங்கேயே கிடந்து அடிவாங்கு’ என்று யாரும் புரிந்துகொள்ளக் கூடாது. உயிருக்கு ஆபத்தென்றால் அந்த நிமிஷமே வெளியேற வேண்டும். ஆனால் அந்த வீட்டை விட்டு வெளியேறுவது வேறு, அந்த நாட்டை விட்டு வெளியேறுவது வேறு. முதல் காரியத்துக்கு உதவ நம்மவர்களே நடத்தும் அமைப்புகள் இருக்கின்றன. நியூஜெர்சியில் 1985-ல் தொடங்கிய மானவி, நியூயார்க்கில் சகி, கலிஃபோர்னியாவில் மைத்ரி, ஹூஸ்டனில் தயா. 1-800-799-7233 என்ற அமெரிக்கத் தேசிய உதவி எண் இரவு பகலாக இயங்குகிறது. மொழிபெயர்ப்பாளரையும் லைனில் சேர்த்துத் தருவார்கள்.

பாதி ஃபைல் இங்கே இருக்கிறது

பட்டாபிராம் பக்கத்திலிருந்து ஓர் அம்மா வந்தார். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றிச் சொல்கிறேன். மகளின் அமெரிக்க வக்கீல் தாயாரின் வாக்குமூலம் கேட்டிருந்தார். இவரும் ஒரு முழுப் பக்கம் எழுதி எடுத்து வந்திருந்தார். ‘மாப்பிள்ளை ரொம்பக் கொடுமைப்படுத்தினார், என் பெண் தங்கமானவள்’ என்றே அந்தப் பக்கம் முழுதும் ஓடியது.

“நீங்க கண்ணால பார்த்தது, காதால கேட்டது என்னம்மா?” என்றேன்.

“நான் எங்க மேடம் பார்த்தேன்? நான்தான் இங்க கிடக்கேனே.”

“வீடியோ கால்ல?”

கொஞ்ச நேரம் யோசித்தவர், “பொங்கலன்னிக்குக் காலையில…” என்று ஆரம்பித்தார். அங்கே அது முந்தின நாள் ராத்திரி. மகள் கிச்சன் மேடையில் போனைச் சாய்த்துவைத்துப் பேசிக்கொண்டிருந்தாள். ஹீட்டர் ஓடுகிற வீட்டுக்குள் முழுக்கை ஸ்வெட்டர். கையைக் காட்டச் சொன்னதும் பேச்சை மாற்றினாள். பின்னாலிருந்து “யார்கிட்ட பேசிட்டிருக்க?” என்று ஒரு குரல். படம் கூரைக்குத் திரும்பியது, லைன் கட்டாகிவிட்டது. அதன்பின் ஒன்பது நாள் போன் இல்லை.

“ஒன்பது நாள்னு எப்படி இவ்வளவு கரெக்டா சொல்றீங்க?”

“காலண்டர்ல குறிச்சு வெச்சிருக்கேனே மேடம்.”

மறுநாள் அந்த மாதக் காலண்டரையே சுவரிலிருந்து கழற்றி எடுத்துவந்துவிட்டார். பால் வராத நாள், சிலிண்டர் வந்த தேதி, சீட்டுப் பணம் கட்டிய தேதி. அவற்றுக்கு நடுவே நீலப் பேனாவில் ‘பாப்பா பேசல’, ‘பாப்பா பேசல’, ‘பாப்பா 2 நிமிஷம்’. வழக்கு வரும் என்று தெரியாத காலத்தில் எழுதியது. அந்த மதிப்பு பின்னால் யோசித்து எழுதும் பத்துப் பக்கத்துக்கு வராது. காலண்டரைப் போட்டோ எடுத்து, ஆங்கிலத்தில் பெயர்த்து, பொங்கல் காலையில் அவர் பார்த்ததை மட்டும் வரிசையாக எழுதி அனுப்பினோம். ‘தங்கமான பெண்’ என்ற வரியை எடுத்துவிட்டேன்.

இப்படி எத்தனையோ காகிதம் பெற்றோர் வீட்டில்தான் இருக்கிறது. இது விசாவுக்காகச் செய்த பொய்க் கல்யாணம் இல்லை என்று அவள் நிரூபிக்க வேண்டும்: பத்திரிகை, மண்டப ரசீது, இரு வீட்டுப் பெரியவர்களும் இருக்கும் போட்டோ, திருமணப் பதிவுச் சான்றிதழ். தமிழ்நாட்டில் 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி எல்லாத் திருமணத்தையும் பதிய வேண்டும். பதியாமல் விமானம் ஏறியவர்கள்தான் பின்னால் அலைகிறார்கள். இருவரும் ஒரே வீட்டில் வாழ்ந்தார்கள் என்பதற்கு, நீங்கள் வடாமும் ஊறுகாயும் அனுப்பிய கூரியர் ரசீதில் இருவர் பெயரும் முகவரியும் இருக்கும். சம்பந்தம் பேசும்போது பெருமையாகக் காட்டிய மாப்பிள்ளையின் கிரீன் கார்டு ஜெராக்ஸ் இருந்தால், அவருடைய தகுதியைக் காட்ட அதுவே ஆதாரம். மகளின் பாஸ்போர்ட்டை அவர் பிடுங்கிவைத்திருந்தாலும், உங்களிடம் உள்ள ஜெராக்ஸில் எண் இருக்கிறது. அதை வைத்து அவள் நாட்டுக்குள் நுழைந்த ஐ-94 பதிவை இணையத்தில் எடுக்கலாம், தூதரகத்தில் புதிய பாஸ்போர்ட்டும் கேட்கலாம்.

வாட்ஸ்அப் பேச்சை அழிக்காதீர்கள். போன் மாற்றும்போது பேக்கப் எடுக்க மறக்காதீர்கள். தமிழ்க் காகிதத்துக்கு ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும். பெயர்த்தவர் ‘எனக்கு இரு மொழியும் தெரியும், முழுமையாகவும் சரியாகவும் பெயர்த்திருக்கிறேன்’ என்று எழுதிக் கையெழுத்திட்டால் அமெரிக்கக் குடியேற்றத் துறைக்குப் போதும், நோட்டரி சீல் கட்டாயமில்லை. முக்கியமாக, கோபத்தில் சம்பந்தி வீட்டுக்குப் போன் போட்டுக் கத்தாதீர்கள். மகள் மனு போடப்போகிறாள் என்ற செய்தி மாப்பிள்ளையின் காதுக்குப் போக அதைவிடக் குறுக்கு வழி இல்லை.

இங்கே கொண்டுவந்து விட்டுவிட்டால்

லீவுக்கு ஊருக்கு அழைத்துவந்து, பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு, “ஒரு மாசம் கழிச்சு டிக்கெட் அனுப்பறேன்” என்று சொல்லிவிட்டுத் தனியாக ஏறிப்போகிறவர்கள் உண்டு. இப்படிக் கைவிடப்பட்ட ஒரு பெண்ணின் வழக்கில், பிரிட்டனின் விதிகள் இத்தகைய பெண்களைப் பாகுபாடாக நடத்துகின்றன என்று 2022-ல் இங்கிலாந்து உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதைத் தொடர்ந்து 2024 ஜனவரியிலிருந்து, துணைவர் விசாவில் வாழ்ந்து வெளிநாட்டில் கைவிடப்பட்டவள் அங்கிருந்தபடியே பிரிட்டனுக்கு மனு போடலாம்.

இந்தியாவிலும் கதவுகள் உண்டு. புகுந்த வீட்டிலிருந்து துரத்தப்பட்டவள் அடைக்கலம் புகுந்த ஊரிலேயே கொடுமைப் புகார் கொடுக்கலாம் என்று 2019-ல் ரூபாலி தேவி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆகவே சேக்காட்டுப் பெண் ஆவடி அனைத்து மகளிர் காவல் நிலையத்துக்குப் போகலாம். அந்தப் புகாருக்கான சட்டப் பிரிவு முன்பு 498ஏ, 2024 ஜூலையிலிருந்து பாரதிய நியாய சன்ஹிதாவின் 85-ஆம் பிரிவு. குடும்ப வன்முறைச் சட்டத்தில், தற்காலிகமாகத் தங்கியிருக்கும் ஊரின் மாஜிஸ்திரேட்டிடமே மனு செய்யலாம். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவச வக்கீல் தரும். தேசிய மகளிர் ஆணையத்தில் 2009 முதல் வெளிநாட்டு இந்தியர் திருமணங்களுக்கென்று தனிப் பிரிவு இருக்கிறது. வெளிநாட்டில் வழக்கு நடத்த, வெளியுறவுத் துறைத் திட்டத்தில் இந்தியத் தூதரகம் வழியாக 4,000 டாலர் வரை உதவி கேட்கலாம்.

அங்கிருந்து ஒருதலையாக விவாகரத்துத் தீர்ப்பு வந்தால் எல்லாம் முடிந்தது என்று உட்கார்ந்துவிடாதீர்கள். எந்தச் சட்டப்படி கல்யாணம் நடந்ததோ அதில் இல்லாத காரணத்துக்கு, அவள் ஒத்துக்கொள்ளாமல் கொடுத்த வெளிநாட்டு விவாகரத்து இங்கே செல்லாது என்பது 1991-ஆம் ஆண்டு நரசிம்ம ராவ் வழக்குத் தீர்ப்பின் சாரம். 1994-ல் நீரஜா சராஃப் வழக்கு வந்தது. அமெரிக்க விசா வரும் என்று ஆசிரியை வேலையை விட்டுவிட்டுக் காத்திருந்தவர். வந்தது கல்யாணத்தை ரத்து செய்யும் வழக்கு. இத்தகைய பெண்களுக்குச் சட்டப் பாதுகாப்பு வேண்டும் என்று அப்போதே உச்ச நீதிமன்றம் பரிந்துரைத்தது. வெளிநாட்டு இந்தியர் திருமணப் பதிவு மசோதா மாநிலங்களவைக்கு வந்தது 2019-ல். முழுமையான சட்டம் வேண்டும் என்று சட்ட ஆணையம் 287-ஆம் அறிக்கையைக் கொடுத்தது 2024-ல். இன்னும் சட்டமாகவில்லை.

சட்டம் வரும்போது வரட்டும். மகள் போன் செய்தால் கேட்க வேண்டியவை உங்களுக்கு இப்போதே தெரியும். இப்போது பத்திரமாக இருக்கிறாயா, இந்த போனை அவர் பார்ப்பாரா, எந்த நேரத்தில் பேசலாம், அவர் என்ன விசா, நீ என்ன விசா. பதில்களைத் தேதி போட்டு எழுதி வையுங்கள்.

கல்யாணம் பேசும் நிலையில் இருக்கிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். மாப்பிள்ளையின் சம்பளத்தையும் சொந்த வீட்டையும் விசாரிக்கிற நாம், “எங்க பொண்ணு எந்த விசாவுல வருவா, அதுல அவ வேலைக்குப் போகலாமா?” என்று கேட்பதில்லை. கேட்டால் சம்பந்தி கோபித்துக்கொள்வார் என்றால், அந்தக் கோபத்தையும் இங்கேயே பார்த்துவிடுவது நல்லது.